டிஸ்எபிலிட்டி பென்ஷன்: முன்னாள் படைவீரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் உண்டு. ஆனால் மெடிக்கல் போர்டு (உடல் பாதிப்பை மதிப்பிடும் ராணுவ டாக்டர்கள் குழு) தந்த பேப்பரைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நான் சர்வீஸில் கிளார்க்காக இருந்தவன் என்பதால் பைல் கட்டோடு என்னிடம் வருவார்கள். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். கேட்டபடியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். ஜவான், என்சிஓ, ஜேசிஓ என்று அதிகாரிகளுக்குக் கீழே உள்ள பதவிகளில் இருந்தோரை மனதில் வைத்து எழுதியது. அதிகாரிகளுக்கு அடிப்படை இதேதான், சில விதிகள் மட்டும் மாறும்.

“எனக்குத்தான் சர்வீஸ் பென்ஷன் வருதே சார், டிஸ்எபிலிட்டி பென்ஷன்னா அது வேறயா?”

ஆமாம், வேறுதான். டிஸ்எபிலிட்டி பென்ஷனில் இரண்டு பகுதிகள் உண்டு. செய்த சேவைக்குத் தருவது சர்வீஸ் எலிமென்ட். உடலில் ஏற்பட்ட பாதிப்புக்குத் தருவது டிஸ்எபிலிட்டி எலிமென்ட். முழு சர்வீஸ் முடித்து ஏற்கெனவே பென்ஷன் வாங்குகிறவருக்கு அந்தப் பென்ஷன் அப்படியே இருக்கும், டிஸ்எபிலிட்டி எலிமென்ட் அதன் மேல் சேரும். இரண்டுக்கும் அகவிலை நிவாரணம் உண்டு.

முதலில் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறைப் பென்ஷன் இணையதளத்தில் உங்கள் பிபிஓவை (பென்ஷன் வழங்கும் ஆணை) திறந்து, டிஸ்எபிலிட்டி எலிமென்ட் என்று தனி வரி இருக்கிறதா, அதில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாதாமாதம் வங்கியில் விழும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதவர்களே அதிகம்.

“பதினஞ்சு வருஷம் முடிக்கல. நாலு வருஷத்துல மெடிக்கல்ல அனுப்பிட்டாங்க. எனக்கு ஏது பென்ஷன்?”

பதினைந்து ஆண்டு என்பது சாதாரண சர்வீஸ் பென்ஷனுக்கான கணக்கு. பாதிப்பு ராணுவ சேவையால் வந்தது, அல்லது சேவையால் மோசமானது என்று ஏற்கப்பட்டால் குறைந்தபட்ச சர்வீஸ் தேவையில்லை. நான்கு ஆண்டில் வந்தாலும் சர்வீஸ் எலிமென்ட், டிஸ்எபிலிட்டி எலிமென்ட் இரண்டும் உண்டு.

சேவைக்குத் தொடர்பில்லை என்று முடிவானால் கிடைப்பது இன்வாலிட் பென்ஷன். அதற்குப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்றிருந்தது. 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ சேவையில் இருந்து, வெளியே வேறு வேலையும் செய்ய முடியாத அளவுக்கு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டு நிபந்தனையை 2020 ஜூலையில் அரசு தளர்த்தியது.

“இருபது சதவீதம்னு போட்டிருக்காங்க. பணமா எவ்வளவு வரும்?”

நூறு சதவீதப் பாதிப்புக்குக் கடைசியாக வாங்கிய கணக்கில் சேரும் சம்பளத்தில் 30 சதவீதம். குறைவான பாதிப்புக்கு அதில் விகிதப்படி. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதத்துக்கு 12,000 ரூபாய். இருபது சதவீதத்துக்கு 2,400 ரூபாய்.

ஆனால் கணக்கு இதோடு முடியாது. ‘ரவுண்டிங் ஆஃப்’ என்று ஒன்று இருக்கிறது. 50-க்குக் குறைவான சதவீதம் 50 ஆகும், 50 முதல் 75 வரை 75 ஆகும், 76-ம் அதற்கு மேலும் 100 ஆகும். ஆக, மேலே சொன்னவருக்கு 2,400 அல்ல, 6,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலை நிவாரணம். நான் பார்க்கிற பேப்பர்களில் அதிகம் விட்டுப்போயிருப்பது இந்தத் தொகைதான். கோர்ட், கேஸ் என்று போகாமலே ஒரு விண்ணப்பத்தில் சரியானவையும் உண்டு.

“முழு சர்வீஸ் முடிச்சு வந்தவனுக்கு ரவுண்டிங் கிடையாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்களே?”

அப்போது சொன்னது உண்மைதான். 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் இந்தச் சலுகையை மெடிக்கலில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே தந்தது. உடல்தகுதி குறைந்த நிலையில் (லோ மெடிக்கல் கேட்டகரி) காலம் முடித்து வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. பிறகு அரசு ஆணைகளும் வந்தன.

அதனால் பிபிஓவில் 20, 30, 40 என்று இருந்து ரவுண்டிங் ஏறாமல் இருந்தால் ஸ்பர்ஷில் குறை பதிவு செய்யுங்கள், உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கும் எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ஆர்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். தரைப்படைக்குப் பென்ஷன் அனுமதிக்கும் அலுவலகம் பிரயாக்ராஜில் இருக்கிறது.

“எனக்குப் பதினஞ்சு சதவீதம்தான் போட்டாங்க. அதையும் அம்பது ஆக்குவாங்களா?”

டிஸ்எபிலிட்டி எலிமென்ட்டுக்குக் குறைந்தது இருபது சதவீதம் வேண்டும். அதற்குக் கீழ் என்றால், எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மெடிக்கலில் வெளியேற்றியிருந்தால் உங்கள் பக்கம் சுக்விந்தர் சிங் வழக்கு (2014) இருக்கிறது. வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டு, பாதிப்பு இருபதுக்குக் கீழ் என்று சொல்ல முடியாது, இருபதுக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். காலம் முடிந்து வந்தவர் என்றால் கிடைக்காது. 2019 டிசம்பரில் எஸ்.பி. ரத்தோர் வழக்கில், இருபதுக்குக் கீழ் இருந்தால் டிஸ்எபிலிட்டி எலிமென்ட்டே இல்லை, அப்புறம் எதை ரவுண்டு செய்வது என்று சொல்லிவிட்டார்கள்.

“மெடிக்கல் போர்டுல ‘சர்வீஸுக்குச் சம்பந்தமில்லை’ன்னு எழுதிட்டாங்க. டாக்டருங்களே எழுதின பிறகு நாம என்ன பண்றது?”

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். அந்த ஒரு வரியைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டு பைலைப் பரணில் போட்டவர்கள் எத்தனையோ பேர். அது தீர்ப்பு அல்ல. டாக்டர்கள் சொன்ன கருத்து. காரணம் இல்லாமல் எழுதிய கருத்து நிற்காது.

மெடிக்கல் போர்டு நடவடிக்கைத் தாளை எடுத்துப் பாருங்கள். ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்று மேல் மூலையில் இருக்கும். உள்ளே ஒரு கட்டம்: நோயின் பெயர், சேவையால் வந்ததா, சேவையால் மோசமானதா, இரண்டும் இல்லையென்றால் காரணம் என்ன. முதல் இரண்டிலும் ‘இல்லை’. காரணம் என்ற இடத்தில் பல தாள்களில் ‘உடல்வாகு சார்ந்த நோய்’ என்றோ ‘சேவையோடு தொடர்பில்லை’ என்றோ பேனாவால் ஒரே ஒரு வரி. சில தாள்களில் அதுவும் இல்லை. இப்போது அதே தாளில் வேறு ஒரு இடத்தைப் பாருங்கள்: ‘சேரும்போது இந்த நோய் இருந்ததா?’ அங்கும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். உங்கள் கேஸின் உயிர் அந்த இரண்டாவது ‘இல்லை’யில் இருக்கிறது.

சிக்னல்ஸில் 1985-இல் சேர்ந்த தரம்வீர் சிங் என்ற சிப்பாயை வலிப்பு நோய் என்று 1994-இல் அனுப்பினார்கள். இருபது சதவீதம், சேவைக்குத் தொடர்பில்லை என்று போர்டு எழுதியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது நல்ல உடலோடு எடுத்திருக்கிறீர்கள், நோய் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை, அப்படியானால் நோய் சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் இதையே உறுதி செய்தார்கள். 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில், காரணம் எழுதாத போர்டு கருத்தை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்றார்கள்.

“அப்ப சுகர், பிபி, மனநோய் எல்லாத்துக்கும் கிடைச்சிடுமா அண்ணே?”

அப்படியும் சொல்ல முடியாது. சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து வந்த பிபி, சுகருக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள் நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கின்றன. போர்டு வழக்கமாகச் சொல்லும் காரணம் ‘பீஸ் ஸ்டேஷனில் (எல்லைக்கு வெளியே, அமைதியான இடத்தில்) இருந்தபோது ஆரம்பித்தது’ என்பது. அதற்கு உங்கள் போஸ்டிங் வரிசையே பதில். நோய் ஆரம்பிப்பதற்கு முந்தைய பீல்டு (எல்லை, களப்பகுதி), உயர்மலை போஸ்டிங்குகளைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

மனநோய் வழக்குகளில் எதிர்த் தீர்ப்பும் உண்டு. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், இந்த நோய்களை ஆள் எடுக்கும்போது வழக்கமான சோதனையில் கண்டுபிடிக்க முடியாது, அதனால் முந்தைய பதிலில் சொன்ன அனுமானம் தானாகப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சேர்ந்த ஓரிரு ஆண்டிலேயே நோய் தெரியவந்திருந்தால் கேஸ் பலவீனம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

“லீவுல ஊருக்கு வந்தப்ப ஆக்ஸிடென்ட். லீவுன்னா டியூட்டி கிடையாதுங்கிறாங்க.”

லீவு என்பது மட்டும் காரணமாகாது, என்ன செய்துகொண்டிருந்தபோது அடிபட்டது என்பதுதான் கேள்வி. லீவில் யூனிட்டிலிருந்து வீட்டுக்குப் பயணம் செய்யும்போது அடிபட்டால் டியூட்டியாகக் கருதலாம். மதன் சிங் ஷெகாவத் வழக்கு (1999) அப்படித்தான்: சொந்தச் செலவில் பயணம் செய்தார் என்பதற்காக மறுக்க முடியாது என்றார்கள். ஊருக்கு வந்து சேர்ந்து, சொந்த வேலையாக வண்டியில் போகும்போது அடிபட்டால் கிடைப்பது கடினம். ஜுஜார் சிங் வழக்கில் (2011) ஸ்கூட்டர் விபத்துக்கு அதைத்தான் சொன்னார்கள். பயண டிக்கெட், லீவு சர்டிபிகேட், எப்ஐஆர், காய அறிக்கை இந்த நான்கும் கைவசம் இருந்தால் மேலே பேசலாம்.

“வேலூர் பெரிய ஆஸ்பத்திரில எழுபது சதவீதம்னு கொடுத்திருக்காங்க. மிலிட்டரில முப்பதுன்னு போட்டிருக்காங்க. எதை எடுத்துப்பாங்க?”

பென்ஷனுக்கு ராணுவ மெடிக்கல் போர்டு போட்டதைத்தான் எடுப்பார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பஸ், ரயில், மாநிலத் திட்டங்களுக்குப் பயன்படும், பிபிஓவை மாற்றாது. ஆனால் நிலைமை உண்மையிலேயே மோசமாகியிருந்தால் மறு மதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்கும்போது வெளி மருத்துவமனை ரிப்போர்ட்டுகளை ஆதாரமாக வைக்கலாம்.

இரண்டு பாதிப்பு இருப்பவர்கள் கவனிக்க: நாற்பதும் முப்பதும் சேர்ந்து எழுபது ஆகாது. ‘காம்போசிட்’ என்று ஒரு கூட்டு மதிப்பீடு தனியாக எழுதியிருப்பார்கள். கணக்குக்கு அதுதான்.

“தொண்ணூறுல ரீசர்வே போர்டுக்குப் போகல. அதோட பென்ஷன் நின்னுடுச்சு.”

முன்பெல்லாம் இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று காலம் குறித்துத் தருவார்கள். குறித்த நாளில், பாதிப்பை மீண்டும் மதிப்பிடும் ரீசர்வே மெடிக்கல் போர்டுக்குப் போக வேண்டும். கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியதால் போகாமல் விட்டவர்கள் ஏராளம். 2001 கடிதத்துக்குப் பிறகு, நிரந்தரப் பாதிப்புக்கு ஒருமுறை மதிப்பிட்டது வாழ்நாளுக்கும் செல்லும், நீங்களே மறு மதிப்பீடு கேட்டால் ஒழிய.

பழைய கேஸ் என்றால் புதிதாக ஒரு போர்டு நடத்தக் கேட்டு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மெடிக்கலில் வந்தவர் என்றால் டிஸ்எபிலிட்டி எலிமென்ட் நின்றாலும் சர்வீஸ் எலிமென்ட் தொடர்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நின்றிருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

“பேப்பரே இல்ல சார். டிஸ்சார்ஜ் புக் மட்டும்தான் இருக்கு.”

அது போதும், ஆரம்பிக்கலாம். அதில் ஆர்மி நம்பர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம், மெடிக்கல் கேட்டகரி எல்லாம் இருக்கும். ரெக்கார்ட் ஆபீசின் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மெடிக்கல் போர்டு நடவடிக்கை முழுவதும், காய அறிக்கை, கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்தின் உள் விசாரணை) நடந்திருந்தால் அதன் நகல், பென்ஷன் மறுத்த கடிதம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘என் பைலைக் கொடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் பதில் இழுத்துக்கொண்டே போகும். ‘ஆவணம் அழிக்கப்பட்டது’ என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். அதுவும் ஒரு ஆதாரம்தான்.

“அப்பீல்னா யாருக்குப் பண்றது? எத்தனை தடவை?”

மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக. அதுவும் மறுக்கப்பட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007 சட்டப்படி அமைந்தது, 2009-இல் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னை அமர்வு இருக்கிறது. அப்பீலுக்குப் பதிலே வராமல் ஆறு மாதம் போனாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

அப்பீலில் கஷ்டத்தை மட்டும் எழுதாதீர்கள். ‘மூன்று பிள்ளைகள், வருமானம் இல்லை’ என்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் படிக்கிறவர் தேடுவது அதையல்ல. சேரும்போது நோய் இல்லை, எங்கே எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் எந்தெந்த போஸ்டிங், போர்டு என்ன காரணம் எழுதியது அல்லது எழுதவில்லை. இவ்வளவுதான் வேண்டும். ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடலாம்.

“ரிட்டயராகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இனிமே போய்க் கேட்டா சிரிக்க மாட்டாங்களா?”

மாட்டார்கள். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம், வராத ஒவ்வொரு மாதமும் புதிய பாதிப்பு என்று தர்செம் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்காகக் கதவு மூடாது. ஆனால் அதே தீர்ப்பு நிலுவைத் தொகையைப் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்துகிறது. இன்னும் ஒரு வருடம் யோசித்தால் ஒரு வருடப் பணம் போனதுதான்.

“நானா எழுதிக் கொடுத்துட்டு வந்தவன். எனக்கும் உண்டா?”

உண்டு. சொந்த விருப்பத்தில் வந்தவர்களுக்கு முன்பு இல்லை. 2006 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வெளியேறியவர்களுக்கு 2009 செப்டம்பர் ஆணை கொடுத்தது. அதற்கு முன் வந்தவர்களுக்கும் பின்னர் வழி திறந்தது. மற்ற நிபந்தனைகள் மாறாது: சேவைத் தொடர்பு, இருபது சதவீதம்.

“ஆபரேஷன்ல குண்டடி பட்டது. சாதாரண டிஸ்எபிலிட்டிதான் போட்டிருக்காங்க.”

போர் நடவடிக்கை, எல்லை மோதல், அரசு அறிவித்த ஆபரேஷன்களில் ஏற்பட்ட காயம் ‘கேட்டகரி ஈ’. அதற்கு வார் இன்ஜுரி பென்ஷன். மெடிக்கலில் வெளியேற்றப்பட்டவருக்கு நூறு சதவீதப் பாதிப்பென்றால் கடைசிச் சம்பளம் முழுவதும், காலம் முடித்து வந்தவருக்கு அதில் 60 சதவீதம். முதலில் சொன்ன 40,000 ரூபாய்க்காரரையே எடுத்துக்கொண்டால், ரவுண்டிங்குக்குப் பிறகு வரும் ஐம்பது சதவீதத்துக்குச் சாதாரணக் கணக்கில் 6,000 ரூபாய். போர்க்காயம் என்றால் மெடிக்கலில் வந்தவருக்கு 20,000, காலம் முடித்தவருக்கு 12,000.

1987 முதல் 1990 வரை இலங்கையில் ஆபரேஷன் பவனில் இருந்தவர்கள், கார்கிலில் ஆபரேஷன் விஜயில் இருந்தவர்கள் தங்கள் பிபிஓவில் எந்தக் கேட்டகரி என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேட்டில் கேஷுவாலிட்டி (போரில் காயம்பட்டவர்) என்று யூனிட்டின் பார்ட் டூ ஆர்டர் (பணிப்பதிவு ஆணை) வெளியாகியிருந்தால் அதுதான் முதல் ஆதாரம்.

“ஆள் இல்லாம எழுந்திரிக்கக்கூட முடியாது. அதுக்குத் தனியா ஏதாவது?”

நூறு சதவீதப் பாதிப்போடு உதவிக்கு ஆள் தேவை என்று மெடிக்கல் போர்டு பரிந்துரைத்தால் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (உதவியாளர் படி) உண்டு. 2017 ஜூலையில் மாதம் 6,750 ரூபாய் ஆக்கினார்கள். அகவிலைப்படி ஐம்பது சதவீதம் ஏறும்போதெல்லாம் இது இருபத்தைந்து சதவீதம் ஏறும். செயற்கைக் கால், கைக்கு புனேயில் ஆர்டிபிஷியல் லிம்ப் சென்டர், முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் கட்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன.

படுக்கையில் இருப்பவரை வருடா வருடம் வாழ்வுச் சான்றுக்காக ஆட்டோவில் தூக்கிப் போக வேண்டாம். ஜீவன் பிரமான் செயலியில் போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே பதிவாகும். பகலில் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து எடுங்கள்.

“வீட்டுக்காரர் போன மாசம் தவறிட்டார். அந்த ஊனப் பணம் எனக்கு வருமாங்க?”

அந்தப் பகுதி அவரோடு நின்றுவிடும் அம்மா. உங்களுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம், சாதாரணக் கணக்கில் கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதம். ஆனால் எந்தப் பாதிப்புக்காகப் பென்ஷன் வாங்கினாரோ அதனாலேயே இறந்தார் என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம், அது 60 சதவீதம். மருத்துவமனை கொடுத்த இறப்புக் காரணச் சான்றும் கடைசிச் சிகிச்சைச் சுருக்கமும் முக்கியம். காரியம் முடிந்ததும் ஆஸ்பத்திரிப் பேப்பர்களைக் கழித்துவிடாதீர்கள்.

அவர் உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்ட நிலுவையும் வாரிசாக நீங்கள் கேட்கலாம்.

“2023-ல ரூல் மாத்திட்டாங்களாமே, எங்களுக்கும் குறைச்சிடுவாங்களா?”

2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுகிறவர்களுக்குத்தான் புதிய விதிகள். அதற்கு முன் வந்தவர்களுக்குப் பழையபடிதான். புதிய விதியில், பாதிப்போடு சேவையைத் தொடர்ந்து காலம் முடித்து வருகிறவருக்கு ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். நோய்களுக்கான அளவுகோலையும் இறுக்கியிருக்கிறார்கள். இப்போது சர்வீஸில் இருக்கும் தம்பிகள், வெளியேறும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படிக்க வேண்டும்.

“பையன் அக்னிவீர். ட்ரெயினிங்ல அடிபட்டா?”

அவர்களுக்குப் பென்ஷன் இல்லை. சேவையால் வந்த பாதிப்பு என்று ஏற்றால் நூறு சதவீதத்துக்கு 44 லட்சம், எழுபத்தைந்துக்கு 25 லட்சம், ஐம்பதுக்கு 15 லட்சம் ஒரே தடவையாகத் தருகிறார்கள். மிச்சக் காலச் சம்பளமும், சர்வீஸ் முடிவில் தரும் சேவா நிதித் தொகையும் சேரும். நாலே வருட சர்வீஸ் என்பதால் அடிபட்ட அன்றே காய அறிக்கை எழுதவைப்பது இவர்களுக்கு இன்னும் அவசியம்.

“வருமான வரி?”

மெடிக்கலில் வெளியேற்றப்பட்டவருக்கு இரண்டு எலிமென்ட்டுக்கும் விலக்கு உண்டு. காலம் முடித்து வந்தவர்களுக்கு இல்லை என்று 2019 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வகையில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் தாக்கல் செய்யும் முன் விவரம் தெரிந்த ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

“ஒருத்தர் வாங்கித் தர்றேன், அரியர்ஸ்ல முப்பது சதவீதம் கொடுங்கன்னு கேக்கறார். கொடுக்கலாமா?”

வேண்டாம். பிபிஓ, ஆதார், ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் அவரிடம் கொடுக்காதீர்கள். ரவுண்டிங் மாதிரியானவற்றுக்கு ஆளே தேவையில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதித் தருவார்கள்.

வழக்கு என்று வந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 2025 ஜூலை முதல் படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தனித் திட்டமும் தொடங்கியிருக்கிறது. அங்கே போகும்போது டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, மெடிக்கல் போர்டுத் தாள், மறுப்புக் கடிதம் இவற்றின் நகல்களை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.